வெளிநாட்டு உதவியில் மின்துறைப் பயிற்சி: சேலத்திலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

சேலம், மேட்டூர், ஆத்தூர் பக்கம் மின்துறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஜப்பானில் ட்ரெய்னிங், ஜெர்மனியில் எம்.எஸ். என்று முழுச் செலவையும் அந்த நாட்டு அரசே ஏற்கிறதாமே, நமக்கெல்லாம் கிடைக்குமா?" கிடைக்கும். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ பக்கத்துத் தனியார் கல்லூரியிலோ படித்துவிட்டு இங்கேயே வேலை பார்ப்பவருக்கு அது எட்டாக்கனி இல்லை. ஆனால் பெரும்பாலோர் எந்த நாடு, எவ்வளவு உதவித்தொகை, எப்போது கடைசித் தேதி என்றுதான் தேட ஆரம்பிக்கிறார்கள். பணம் கொடுப்பவர்கள் கேட்பது வேறு. இவர் பயிற்சி முடித்து ஊர் திரும்பினால் அங்கே எந்தப் பிரச்சினை தீரும் என்று கேட்கிறார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் மீதியெல்லாம் காகித வேலைதான்.

இந்தப் பணம் எதற்காக வருகிறது

படிகளுக்குப் போகும் முன் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பது இதிலிருந்துதான் பிடிபடும்.

தமிழ்நாட்டு மின்துறைக்கு வெளிநாட்டு உதவி புதிதில்லை. நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்துக்கு 1950களில் கொழும்புத் திட்டத்தின் (ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய திட்டம்) கீழ் கனடா உதவியது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. திருச்சி திருவெறும்பூர் பெல் ஆலைக்கு செக்கோஸ்லோவாகியா கைகொடுத்தது. இயந்திரம் வந்தால் போதுமா, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டாமா? அதனால் இயந்திரத்தோடு பயிற்சியும் வந்தது. ஜப்பான் 1954-இல் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்தது. அங்கே தொடங்கிய தொழில்நுட்ப உதவியின் தொடர்ச்சிதான் இன்று ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா நடத்தும் பயிற்சிகள்.

இப்படிப்பட்ட உதவி எப்போது பலன் தரும் என்று பார்க்க நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் ஐஸ்லாந்தும் கென்யாவும். பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதில் ஐஸ்லாந்து கைதேர்ந்த நாடு. அங்கே ரெய்க்யவிக் நகரில் 1979 முதல் வளரும் நாட்டு வல்லுநர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி நடக்கிறது. முதலில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடந்தது, 2020 முதல் யுனெஸ்கோவின் ஆதரவில் நடக்கிறது. இதுவரை 700-க்கும் மேற்பட்டோர் படித்திருக்கிறார்கள். அதிகம் பேரை அனுப்பிய நாடு கென்யா. அங்கே நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் ஓல்காரியா என்ற இடத்தில் 1981-இல் சிறிய அளவில் முதல் புவிவெப்ப நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று கென்யாவின் மின்சாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு பூமிக்கடியிலிருந்துதான் வருகிறது.

இது எப்படி நடந்தது? அந்தப் பயிற்சிக்குத் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. வேலை பார்க்கும் நிறுவனம்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். இந்த வருடம் ஒரு புவியியலாளர், அடுத்த வருடம் துளையிடும் பொறியாளர், அதற்கடுத்து நிலத்தடி நீராவியைக் கணக்கிடுபவர் என்று ஒரே நிறுவனம் பல பிரிவுகளுக்கும் ஆள் அனுப்பியது. பயிற்சியின் கடைசியில் எழுதும் ஆய்வறிக்கைக்குப் பெரும்பாலும் சொந்த நாட்டுத் தரவையே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஊர் திரும்பும்போது பாதி வேலை ஏற்கனவே கையில் இருக்கும். பிற்பாடு அக்கம்பக்கத்து ஆப்பிரிக்க நாட்டினருக்கான குறுகிய காலப் பயிற்சிகள் கென்யாவிலேயே நடக்கத் தொடங்கின. பரிந்துரைக்க நிறுவனம், ஊரிலிருந்து கொண்டுபோகும் தரவு, திரும்பி வந்ததும் செய்ய வேலை. இந்த மூன்றும் இருக்கிற விண்ணப்பத்தைத்தான் எந்த நாட்டுத் தேர்வுக் குழுவும் தேடும்.

இலங்கையிலிருந்து படிக்கும் நண்பர்களுக்கு இடையில் ஒன்று. இந்தியாவும் இப்படி உதவி கொடுக்கும் நாடுதான். 1964-இல் தொடங்கிய ஐடெக் திட்டத்தில் பிற நாட்டவர்களுக்கு விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் நம் வெளியுறவு அமைச்சகமே ஏற்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம், குருகிராம் பக்கத்தில் உள்ள தேசியச் சூரியசக்தி நிறுவனம் இரண்டிலும் இந்தப் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஆப்பிரிக்கப் பாட்டிமார்கள் ஆறு மாதம் தங்கி, வண்ணக் குறிகளையும் சைகைகளையும் வைத்தே சோலார் விளக்குகளைப் பொருத்தக் கற்றதும் இந்தத் திட்டத்தின் உதவியில்தான். இந்தியர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ மின்துறையில் இருப்பவர்கள் உங்கள் அரசு வழியாகவும் இந்தியத் தூதரகம் வழியாகவும் தாராளமாக முயற்சி செய்யலாம்.

முதல் படி: ஒரு பிரச்சினையைப் பிடியுங்கள்

"புதுப்பிக்கத்தக்க ஆற்றல்" என்பது பிரச்சினையின் பெயர் இல்லை, ஒரு துறையின் பெயர். உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், உங்களால் அளந்து பார்க்க முடிகிற ஒன்று வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் காபித் தோட்டங்களின் ஊடாகப் போகிறது. காபிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் லைனுக்கு மேலே உயர்ந்து நிற்கும். கோடை மழைக் காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் மலைக் கிராமங்கள் வரிசையாக இருட்டாகிவிடும். பழுது எந்தக் கம்பத்தருகே என்று கண்டுபிடிக்க லைன்மேன் டார்ச்சை அடித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டும். பழுது இருக்கும் பகுதியைக் காட்டிக்கொடுக்கும் கருவிகள், அந்தப் பகுதியை மட்டும் துண்டித்து மீதிக்கு மின்சாரம் கொடுக்கும் தானியங்கி சுவிட்சுகள், உறை போட்ட கம்பிகள் என்று இதற்குத் தீர்வுகள் உண்டு. மலையும் காடும் நிறைந்த ஜப்பானில் இவையெல்லாம் அன்றாட நடைமுறை. ஆக உங்கள் பிரச்சினைக்கும் அந்த நாட்டுக்கும் நேரடிப் பொருத்தம் இருக்கிறது.

ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இன்னொரு களம். மரவள்ளியை அரைத்து மாவு எடுத்தபின் வெளியேறும் கழிவுநீரிலிருந்து பல ஆலைகள் ஏற்கனவே பயோகேஸ் எடுக்கின்றன. அந்த வாயுவை இன்ஜினில் எரித்து மின்சாரமாக்கப் போனால் அதில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்பை அரிக்கும். கிழங்கு வரத்து குறையும் மாதங்களில் வாயுவும் குறையும். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்பதே ஒரு முதுகலை ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். சாணத்திலும் மக்காச்சோளத்திலும் பயோகேஸ் எடுத்து மின்சாரமாக்குவதில் ஜெர்மனிக்கு நீண்ட அனுபவம் உண்டு.

மேட்டூரில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1930களில் வந்த அணை மின்நிலையம், 210 மெகாவாட் யூனிட்டுகள் நான்கு, பின்னால் வந்த 600 மெகாவாட் யூனிட் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. பகலில் சோலார் மின்சாரம் கூடும்போது பழைய நிலக்கரி யூனிட்டின் உற்பத்தியை எவ்வளவு இறக்கலாம், பாய்லர் குழாய் அடிவாங்காமல் மாலையில் எப்படித் திரும்ப ஏற்றுவது என்பது இன்று நாடு முழுக்கப் பேசப்படும் கேள்வி.

பிரச்சினையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு நோட்டுப் போடுங்கள். பழுதுப் பதிவேட்டில் ஒரு வருடத்தில் எத்தனை முறை மின்தடை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எந்தக் காரணத்தால் என்று மாதவாரியாக எழுதுங்கள். லைனின் கடைசி வீட்டில் மாலை ஏழு மணிக்கு மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத் தரவை வெளியே பயன்படுத்த மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். இந்த நோட்டு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிடப் பெரிய சொத்து. இதை நான் மனதார நம்பிச் சொல்கிறேன்.

இரண்டாவது படி: உங்களுக்கான கதவு எது

எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறக்காது. நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

*மின்வாரிய நிறுவனங்களிலோ அரசுத் துறையிலோ இருந்தால்:* ஜைக்காவின் அறிவுப் பகிர்வுப் பயிற்சிகள் உங்களுக்கானவை. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நடக்கும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தகவல் கையேடு வரும். யார் வரலாம், எத்தனை வருட அனுபவம் வேண்டும், எந்த அறிக்கையோடு வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வரி விடாமல் படியுங்கள். விண்ணப்பம் நேரே ஜப்பானுக்குப் போகாது, அரசு வழியாகத்தான் போகும். உதவிப் பொறியாளர் மேசையில் புறப்பட்ட கோப்பு செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், சென்னைத் தலைமை அலுவலகம், அப்புறம் தில்லி என்று ஏறிப் போய்ச் சேர வேண்டும். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்தால் அது சேலத்தைத் தாண்டுவதற்குள் தேதி முடிந்துவிடும். அறிவிப்பு வருவதற்கு முன்பே, "இந்தப் பிரிவில் பயிற்சி வந்தால் என் பெயரைப் பரிசீலிக்க வேண்டும்" என்று நோட்டில் எடுத்த தரவோடு ஒரு கடிதம் கொடுத்து வைப்பது நல்லது.

*தனியார் நிறுவனத்திலோ கல்லூரியிலோ இருந்தால்:* ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்குத் தரும் உதவித்தொகை முதலில் பார்க்க வேண்டியது. பட்டத்துக்குப் பின் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் உடனே இறங்குங்கள். ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் நடக்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முதுகலைப் படிப்பு இந்தத் துறையில் பெயர் பெற்றது. பட்டியலில் உள்ள படிப்புகளில் மூன்று வரை விருப்ப வரிசை போட்டு விண்ணப்பிக்கலாம். பல படிப்புகளுக்கு விண்ணப்பத்தை நேரே அந்தப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்ப வேண்டும். கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள டி.ஏ.ஏ.டி தகவல் மையத்தில் கேட்கலாம்.

அணுசக்தி சார்ந்த முதுகலை படிக்கும் பெண்களுக்கு, பன்னாட்டு அணுசக்தி முகமை 2020 முதல் மேரி கியூரி பெயரில் உதவித்தொகை தருகிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கும் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் அரசுப் பணம் என்பதால் அரசு மாறினால் இவையும் மாறும். உலகின் மிகப் பெரிய உதவி அமைப்புகளில் ஒன்றாக இருந்த அமெரிக்காவின் யூஎஸ்எய்டு 2025-இல் மூடப்பட்டதைப் பார்த்தோம். பழைய வீடியோவிலோ வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ வந்ததை நம்பி உட்கார்ந்திருக்காமல், இந்த வருட அறிவிப்பு இருக்கிறதா என்று அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது படி: காகிதங்கள்

இதில் புத்திசாலித்தனத்துக்கு வேலை இல்லை, நேரத்தோடு செய்தால் போதும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடும் குழப்பத்தில் நம் பிள்ளைகள் பலர் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான மதிப்பெண் பதிவு) வாங்க வாரக்கணக்கில் ஆகும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே ரொம்ப முன்னாடியும் எழுத வேண்டாம். கோவையிலும் சென்னையிலும் தேர்வு மையங்கள் உண்டு.

நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, முத்திரையோடு இருக்க வேண்டும். "நல்ல ஊழியர், வாழ்த்துகள்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், திரும்பி வந்தால் எந்தப் பொறுப்பில் அமர்த்துவார்கள் என்று எழுதித் தரப் பணிவாகக் கேளுங்கள். திரும்ப வேலை தருவோம் என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தத் திட்டங்களில் இடம் வாங்கித் தரும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் கிடையாது.

நான்காவது படி: நோக்கக் கடிதம்

ஏன் இந்தப் பயிற்சி வேண்டும் என்று நீங்களே எழுதும் கடிதம் இது. அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நான் படித்துப் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித் தொடங்கும்:

"சிறு வயதிலிருந்தே எனக்கு ஆற்றல் துறையில் தீராத ஆர்வம். இந்தியா வேகமாக வளரும் நாடு. பருவநிலை மாற்றம் உலகின் பெரும் சவால். உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிப்பது என் கனவு."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் சேலத்துக்காரரா, லாகோஸ்காரரா, லிமாக்காரரா என்று தெரியவில்லை. அதே ஆள் இப்படி எழுதலாம்:

"ஏற்காடு மலைக் கிராமங்களுக்குப் போகும் ஒரு 11 கேவி லைனின் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். போன வருடப் பழுதுப் பதிவேட்டைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலான மின்தடைகள் மரக்கிளைகளால் வந்தவை. கிளையை வெட்டி அகற்றுவதைவிட, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் போகிறது. லைனைப் பகுதிகளாகப் பிரித்துப் பாதுகாக்கும் முறையை நான் கற்க வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தில் மின்விநியோகப் பாதுகாப்பு பற்றிய பாடம் இதற்கு நேராகப் பொருந்துகிறது. திரும்பியதும் இந்த ஒரு லைனில் சோதனை செய்ய என் அலுவலகம் சம்மதித்திருக்கிறது. அதன் கடிதத்தை இணைத்திருக்கிறேன்."

இதில் உங்கள் பதிவேட்டில் உள்ள எண்களைச் சேருங்கள். அலுவலகம் சம்மதிக்காமல் சம்மதித்ததாக எழுத வேண்டாம். இரண்டு பக்கத்தைத் தாண்டாதீர்கள். எழுதி முடித்ததும் மின்சாரம் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பிரச்சினை என்ன என்று அவர் திருப்பிச் சொல்ல முடிந்தால் கடிதம் தயார். ஏஐ கருவியில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் விஷயத்தை அதனிடம் எழுதச் சொன்னால் மேலே உள்ள முதல் கடிதத்தைத்தான் அது திருப்பித் தரும்.

நேர்காணல் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கடிதத்தில் எழுதியதைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ, லைன் எத்தனை கிலோமீட்டர், எத்தனை இணைப்புகள் என்ற அடிப்படை எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, அதைக் கற்கத்தான் வருகிறேன் என்று சொல்லலாம். பூசி மெழுகினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தாவது படி: கிளம்பும் முன், திரும்பிய பின்

அரசு ஊழியர் என்றால் தடையில்லாச் சான்று, விடுப்பு ஆணை, திரும்பி வந்து இத்தனை வருடம் பணியாற்றுவேன் என்ற பாண்டு ஆகியவற்றை முடிக்காமல் டிக்கெட் பேச்சே எடுக்காதீர்கள். பாண்டில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

பயிற்சியில் இருக்கும்போது வகுப்புக்கு வெளியிலும் கவனம் வையுங்கள். நேபாளத்திலிருந்தோ கென்யாவிலிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் மலை லைன், மரக்கிளை, பட்ஜெட் தட்டுப்பாடு எல்லாம் உண்டு. பணக்கார நாட்டின் தீர்வைக் குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்று அவரிடம்தான் கற்க முடியும். ஜைக்கா பயிற்சிகளின் முடிவில் ஒரு செயல்திட்டம் எழுதச் சொல்வார்கள். அதை ஒப்புக்கு எழுதாமல், ஊரில் உங்கள் மேலதிகாரி ஒப்புக்கொள்ளக்கூடிய செலவில், ஆறு மாதத்தில் முடிக்கக்கூடிய அளவில் எழுதுங்கள்.

திரும்பியபின் நடக்க வேண்டியதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வெளிநாடு போவது பொறியாளர். கம்பத்தில் ஏறுவது லைன்மேனும் கேங்மேனும். பொறியாளரின் லேப்டாப்பில் நூறு ஸ்லைடு இருந்தாலும் அவர்களிடம் போய்ச் சேராவிட்டால் ஏற்காட்டில் எதுவும் மாறாது. அதனால் வந்த முதல் மாதத்திலேயே பிரிவு அலுவலகத்தில் ஒரு நாள் வகுப்புக்கு அனுமதி கேளுங்கள். ஸ்லைடுகளைத் தமிழில் போடுங்கள். ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ் என்று அவர்கள் தினமும் சொல்லும் வார்த்தையே இருக்கட்டும். காலையில் பாடம், மதியம் லைனில் நேரடியாகக் காட்டுதல். மழைக்காலம் வருவதற்கு முன்னால் நடத்திவிடுங்கள், வந்துவிட்டால் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. எந்த இடத்தில் கருவியைப் பொருத்தலாம் என்று அவர்களையே கேளுங்கள். எந்த வளைவில் எந்த மரம் எப்போது விழும் என்று பல வருடமாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அதன்பின் ஆறு மாதம் பதிவேட்டைத் தொடர்ந்து எழுதி, முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்க அறிக்கையாக்கி, பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மின்தடை நேரம் குறையவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த வருடம் உங்கள் அலுவலகத்திலிருந்து இன்னொருவர் விண்ணப்பிக்கும்போது அவர் இணைக்க வேண்டிய முதல் காகிதம் அந்த அறிக்கை.